ட்ரிகர் வாங்குவதற்கு முன் பிள்ளையின் கையை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விளையாட்டுப் பக்கத்தில் காற்பந்துக்கும் பூப்பந்துக்கும் போக இடம் மிச்சம் இருந்தால் இந்தக் கடிதத்தைப் போடுங்கள். பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் ட்ரிகர், கைப்பிடி, கன்னக்கட்டை, குண்டு போடத் திறந்து மூடும் லீவர் என்று கையும் முகமும் படுகிற பாகங்களை மாற்றிப் போடுவது பற்றி. இத்தனூண்டு விஷயத்துக்கு ஒரு கடிதமா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்துப் பெற்றோர் சிலர் கைப்பேசியில் படம் பார்த்துப் பார்த்து இதற்குக் காசைக் கொட்டத் தயாராகிவிட்டார்கள். காசு போனால் போகட்டும், அதைவிடப் பெரிய வம்பு ஒன்று அதில் இருக்கிறது.

நான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனை ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். குறி பார்த்துச் சுட்டுப் பழகியவன் இல்லை. என் பேத்தி ஈப்போவில் ஒரு கழகத்தில் பயிற்சி எடுக்கிறாள். அவளைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. பயிற்றுநர் பார்த்தார். ‘ஐயா, அந்த அலென் கீயைக் கொஞ்சம் பிடிங்க’ என்றார். அதிலிருந்து அவர் கண் முன்னால் கழகத்துத் துப்பாக்கிகளின் திருகுகளைச் சரிபார்ப்பது என் வேலையாகிவிட்டது. துப்பாக்கி கழகத்துடையது, லைசென்ஸ் அவர்களுடையது, பூட்டிய அறைச் சாவியும் அவர்களிடம். என்னிடம் இருப்பது மூக்குக் கண்ணாடி மட்டும்.

பெற்றோர் குழுவில் உள்ள ஒரு லோரி ஓட்டுநர் தம்பி அண்மையில் எனக்கு ஒரு படம் அனுப்பினார். சிவப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு ட்ரிகர், கீழே விலை. ‘அண்ணே, இதைப் போட்டா பிள்ளைக்குப் பாயிண்டு ஏறுமா?’ என்று கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது காற்றுத் துப்பாக்கிக்கு உரிய சாமானே இல்லை. அமெரிக்காவில் தோட்டா போட்டுச் சுடும் ஏ.ஆர்-15 வகை ரைஃபிளுக்குச் செய்தது.

அந்த நாட்டுக் கதை வேறு. 1968-இல் வந்த கூட்டரசுச் சட்டப்படி அங்கே ரிசீவர் என்ற நடு உடல்தான் துப்பாக்கி. அதைக் கடையில் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் ட்ரிகர், பாதுகாப்பு நெம்பு, பின்னால் இழுக்கும் கைப்பிடி, தோட்டாக்கூட்டைக் கழற்றும் பொத்தான் எல்லாம் தபாலில் வரும். ஒன்று இந்தக் கம்பெனி, இன்னொன்று அந்தக் கம்பெனி என்று பொறுக்கியெடுத்து வீட்டு மேசையில் வைத்துப் பூட்டுகிறார்கள். அதைப் படம் பிடித்தும் போடுகிறார்கள். நம் பிள்ளைகள் பார்ப்பது அந்தப் படங்களைத்தான்.

இங்கே மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் காற்றுத் துப்பாக்கியும் அடக்கம். அதன் உறுப்பான பாகமும் அடக்கம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் அச்சட்டத்தின் 8-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை, பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் தருவது மாநிலக் காவல்துறைத் தலைவர், ஆன்லைன் கடைக்காரர் இல்லை. பார்சல் பெட்டியின் மேல் ‘விளையாட்டுச் சாமான்’ என்று ஒட்டியிருப்பது சுங்கத்துறை அதிகாரியிடம் எடுபடாது. அதே கடைகளில் ஏர்சாஃப்ட் என்று பொம்மைத் துப்பாக்கிக்கான பாகங்களும் கலந்து கிடக்கின்றன. போலித் துப்பாக்கிக்கும் நம் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. ஆகவே சின்னத் திருகாக இருந்தாலும் சரி, கழகச் செயலாளரிடம் காட்டி, லைசென்ஸ் உள்ள வணிகர் வழியாக வாங்குங்கள். ‘இது வெறும் கட்டைதானே, இது துப்பாக்கியா?’ என்ற வாதத்தை வீட்டில் உட்கார்ந்து நடத்தலாம், காவல் நிலையத்தில் நடத்த முடியாது. அந்தத் தம்பிக்கு இதைச் சொன்னதும் படத்தை அழித்துவிட்டார். படத்தை அழிக்க வேண்டியதில்லை, வாங்காமல் இருந்தால் போதும் என்றேன்.

கழகத்தைக் கேட்காமல் இவர்கள் ஏன் கைப்பேசியைக் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் துப்பாக்கி என்றால் வாயைத் திறக்காத பழக்கம் ஒன்று உண்டு. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் வந்தது. அதன் பின் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிட்டது கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காகத்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இதைக் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். பேத்தி கழகத்தில் சேர்ந்தபோது என் வீட்டுக்காரி மூன்று வேளையும் புலம்பினாள். தமிழ்நாட்டில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் என்ற பெண் இதே பத்து மீட்டர் போட்டியில் 2019-இல் உலகக் கிண்ணத் தங்கம் வாங்கியதையும், பிறகு தோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனதையும் பேத்தி எடுத்துக் காட்டினாள். பெயர் அழகாக இருக்கிறது என்று சொன்னதோடு சரி, புலம்பல் நிற்க இன்னும் சில வாரம் ஆனது. பயத்தினால் யாரையும் கேட்காமல் கமுக்கமாக வாங்குகிறோம். கமுக்கமாக வாங்குவதுதான் ஆபத்து.

சட்டத்தை விடுவோம். கழகம் அனுமதித்து, முறையாக வாங்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். எதை வாங்குவது?

போட்டியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். குறி அட்டையில் உள்ள வட்டங்களின் மொத்தக் குறுக்களவு 45.5 மில்லிமீட்டர். நடுவில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர், பேனா வைத்த பொட்டு. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு அதன் மேல் விழ வேண்டும். தசமத்தில் எண்ணுவதால் ஒரு குண்டுக்கு ஆக அதிகம் 10.9. அறுபது குண்டு, எழுபத்தைந்து நிமிடம். நின்றுகொண்டே சுட வேண்டும், தோள்வார் கிடையாது. இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் நிற்கும், துப்பாக்கி அந்தக் கையின் மேல் உட்காரும். எலும்பு தாங்க வேண்டும். தசை தாங்கினால் இருபதாவது குண்டில் நடுங்கும்.

அதனால் பிள்ளையின் உடம்பில் படும் பாகங்களில் இருந்து தொடங்க வேண்டும். தோளில் படும் தட்டு, கன்னம் படும் கட்டை, உள்ளங்கை படும் பிடி, பிறகுதான் விரல் படும் ட்ரிகர். பெற்றோர் இதைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். ட்ரிகரில் தொடங்கினால் மற்ற மூன்றும் கோணலாக இருக்கையில் விரலை மட்டும் நேராக்கப் பார்க்கிறீர்கள் என்று பொருள்.

தோள்தட்டு மேலும் கீழும் நகரும், முன்னும் பின்னும் நகரும், சாயும். பிள்ளை குட்டையாக இருந்து தட்டு நீளமாக இருந்தால் உடம்பைப் பின்னுக்கு வளைத்து ஈடுகட்டும். அந்த வளைவு முதுகில் வலியாக இறங்கும். பயிற்றுநர் ஒரு சோதனை வைத்திருக்கிறார். கண்ணை மூடச் சொல்லி, துப்பாக்கியை ஏந்தச் சொல்லி, சில மூச்சு விட்ட பிறகு கண்ணைத் திறக்கச் சொல்வார். திறந்தவுடன் பின் குறிகாட்டியின் துளைக்கு நடுவே கண் தானாக இருக்க வேண்டும். கழுத்தை நீட்டித் தேடினால் கன்னக்கட்டை சரியில்லை. துளைக்குள் கண் இருந்தும் துப்பாக்கி அட்டைக்கு இடப்புறம் நிற்கிறதா? பாதத்தை நகர்த்து, கையால் தள்ளாதே என்பார். இந்தச் சோதனையில் என் பேத்திக்குத் தேவைப்பட்டது கன்னக்கட்டைக்கு அடியில் ஒரு மெல்லிய துண்டும், குறிகாட்டியைச் சற்று உயர்த்தும் ஒரு கட்டையும். இரண்டும் கழக அலமாரியிலேயே இருந்தன. தலை நிமிர்ந்ததும் அவள் முகத்தில் இருந்த கடுகடுப்பு போனது. பாயிண்டு ஏறியதா என்று கேட்காதீர்கள், தலைவலி போனதே போதும்.

பிள்ளைகள் வளர்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு நூர் சூர்யானி முகமட் தைபி எட்டு மாதக் கர்ப்பத்தோடு இந்தப் போட்டியில் நின்றது பலருக்கு நினைவிருக்கும். 56 பேரில் 34-ஆவது இடம் வந்தார். வயிறு முன்னால் வந்தால் எடையின் மையம் மாறும், நிற்கும் விதம் மாறும், துப்பாக்கி உட்காரும் இடமும் மாறும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் மெதுவாக அதேதான் நடக்கிறது. ஆகவே அளவு மாற்ற முடியாத அழகான மரக் கைப்பிடியை விட, அளவு மாற்ற முடிகிற அசிங்கமான கைப்பிடி நல்லது. வால்நட் மரத்தில் கடைந்து, வளைந்து, பார்க்கவே ஆசையாக இருக்கும் பிடிகள் உண்டு. அவை வளர்ந்து முடித்தவர்களுக்கு.

இனி ட்ரிகர். எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும்.

போட்டித் துப்பாக்கியில் இரண்டு கட்ட ட்ரிகர் இருக்கும். விரலை வைத்து இழுத்தால் முதலில் லேசாக ஓடிவரும், அப்புறம் ஒரு சுவரில் முட்டியது போல நிற்கும். அங்கே குறி பார்த்து, இன்னும் ஒரு சிட்டிகை அழுத்தம் கொடுத்தால் ட்ரிகர் விழும், அதாவது குண்டு கிளம்பும். முதல் கட்டத்தின் கனம், இரண்டாம் கட்டத்தின் கனம், ஓடும் தூரம், விழுந்த பின் விரல் எங்கே நிற்க வேண்டும் என்பது, இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருகு உண்டு. அனைத்துலகத் துப்பாக்கிச் சுடும் சம்மேளனத்தின் விதியில் பத்து மீட்டர் கைத்துப்பாக்கிக்கு ட்ரிகர் கனம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. நம் பிள்ளைகள் சுடும் நீளக் காற்று ரைஃபிளுக்கு அப்படிக் கீழ்வரம்பு இல்லை. அதுதான் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுகிறது. லேசாக வை, இன்னும் லேசாக வை என்கிறார்கள். சுடலாம் என்று மனம் முடிவெடுப்பதற்குள் குண்டு போய்விடும். பிறகு ‘ட்ரிகர் சரியில்லை’ என்று புதியது கேட்பார்கள்.

அமெரிக்காவிலேயே, அந்த ஏ.ஆர்-15 வகையை வைத்துச் சுடும் ‘சர்வீஸ் ரைஃபிள்’ போட்டியில் ட்ரிகர் நாலரை பவுண்டு தாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் கணக்கில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே. துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்தி ட்ரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள், கல் மேலே வர வேண்டும், ட்ரிகர் விழக் கூடாது. அங்கே போட்டிக்காகத் துப்பாக்கி பூட்டுகிறவர் இதை மனதில் வைத்துத்தான் ட்ரிகர் தேர்ந்தெடுப்பார், சிவப்பா நீலமா என்று பார்த்து இல்லை. லேசான ட்ரிகர் வாங்கிப் போட்டால் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கனத்தை விட இடம் முக்கியம். விரல் நுனிக்கும் முதல் மூட்டுக்கும் நடுவில் உள்ள சதை ட்ரிகரில் பட வேண்டும். அழுத்தம் குழலுக்கு நேர் பின்னால் வர வேண்டும். விரலின் அடிப்பக்கம் பிடியின் மரத்தில் உரசக் கூடாது. உரசினால் ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை மயிரிழை பக்கவாட்டில் தள்ளுவீர்கள், அரை மில்லிமீட்டர் பொட்டுக்கு அந்த மயிரிழை போதும். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அநேகமாக எல்லாப் போட்டித் துப்பாக்கியிலும் ட்ரிகரில் விரல் படும் நாக்கு ஒரு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும், பக்கவாட்டில் திரும்பும். ஒரு திருகைத் தளர்த்தினால் போதும். காசு செலவில்லாத இந்த வேலையைச் செய்து பார்க்காமலே முந்நூறு நானூறு வெள்ளிக்கு நாக்கு தேடுகிறார்கள். நகர்த்தி, ஒரு மாதம் சுட்டுப் பார்த்து, அப்போதும் சிறு விரலுக்கு எட்டவில்லை என்றால் வேறு வடிவம் பார்க்கலாம். தட்டை, வளைவு, உருண்டைப் பொத்தான் என்று பல உண்டு. விரல் வியர்க்கும் பிள்ளைக்கு வரி போட்ட முகம் நல்லது. நம் ஊர் வெக்கையில் குளிரூட்டி இல்லாத சுடுதளத்தில், கெட்டியான ஜாக்கெட்டுக்குள் நிற்கும் பிள்ளைக்கு எல்லா விரலும் வியர்க்கத்தான் செய்யும்.

இன்னொன்று, இது பாதுகாப்பு விஷயம். உள்ளே கொக்கியும் பல்லும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் ஆழத்துக்கும் ஒரு திருகு உண்டு. அதைத் திருகிப் பிடிப்பைக் குறைத்துக்கொண்டே போனால் ட்ரிகர் கண்ணாடி உடைவது போலச் சுத்தமாக விழும். எல்லோருக்கும் அது பிடிக்கும். அளவு மீறினால் லீவரை மூடுகிற அதிர்ச்சியிலேயே விழும். அந்தத் திருகைப் பிள்ளையும் தொடக் கூடாது, அப்பாவும் தொடக் கூடாது, நானும் தொடுவதில்லை. பயிற்றுநர் தொட்டால், குழல் அட்டைப் பக்கம் பார்த்திருக்க, குண்டு இல்லாமல், லீவரைப் பல முறை அழுத்தி மூடி, துப்பாக்கியின் உடம்பில் தட்டிப் பார்த்த பிறகே பிள்ளையிடம் கொடுப்பார். ஆலையில் கன்வேயர் கிளட்சைச் சரிசெய்த பிறகு ஆளை விட்டு ஓட்டிப் பார்ப்போமே தவிர, திருகை இறுக்கிவிட்டு டீ குடிக்கப் போக மாட்டோம்.

லீவர் பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கு அது வருத்தம். ஒவ்வொரு குண்டுக்கும் லீவரைத் திறந்து மூட வேண்டும். அறுபது குண்டு, அதற்கு முன் பழகிப் பார்க்கும் குண்டுகள் வேறு. கழகத்தில் இடக்கைப் பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்குக் கிடைத்தது வலக்கைக்காரருக்குப் பூட்டிய துப்பாக்கி. ஒவ்வொரு முறையும் கையைக் குறுக்கே கொண்டுபோய், உடம்பைத் திருப்பி, மறுபடி நின்று, இடுப்பையும் பாதத்தையும் புதிதாகத் தேடுவான். அவன் பாயிண்டு அட்டையில் போகவில்லை, லீவரில் போனது. சில வகைத் துப்பாக்கிகளில் லீவரை மறுபக்கம் மாற்றிப் பூட்டலாம். அந்தக் கழகத்துத் துப்பாக்கிகளில் ஒன்று அப்படிப்பட்டது. மாற்றினோம், கைப்பிடியும் இடக்கைப் பிடி ஒன்று தேடிப் பூட்டினோம். சின்னக் கைக்குப் பெரிய குமிழ் வைத்த லீவரும் கிடைக்கிறது. நிலை கலையாமல் குண்டு போட முடிந்தால் அந்தக் காசுக்குப் பலன் உண்டு. பளபளக்கும் ட்ரிகருக்கு முன் நான் இதைத்தான் வாங்குவேன்.

குறிகாட்டியில் துளையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் என்ற வளையம் பயனுள்ளது. ஜெர்மனியின் கேமன், சென்ட்ரா போன்றவை செய்கின்றன. மங்கிய வெளிச்சத்தில் திறக்கலாம், வெயில் ஏறினால் சுருக்கலாம். ஆனால் தொலைநோக்கி போலப் பெரிதாக்கிக் காட்டும் எதற்கும் போட்டியில் இடமில்லை. பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் முதலில் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போங்கள்.

எடைக் கட்டிகளும் விற்கிறார்கள். குழல் முனையில் எடை கூடினால் ஆட்டம் குறையும் என்பது உண்மை. விதியின் உச்சவரம்பு குறிகாட்டியோடு சேர்த்து 5.5 கிலோ. வரம்பு என்பதால் அதுவரை ஏற்ற வேண்டும் என்று அர்த்தமில்லை. முப்பத்தைந்து கிலோப் பிள்ளையின் கையில் ஐந்தரை கிலோவைக் கொடுத்துவிட்டு நேராக நில் என்று அதட்டுகிற அப்பாக்களை என்ன சொல்வது.

குண்டைத் தள்ளும் காற்றை அடைத்த உருளை விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கட்டாயம் கேளுங்கள். ஆலையில் பழக்குலையை வேகவைக்கும் ஸ்டெரிலைசரில் நீராவி அழுத்தம் சுமார் மூன்று பார்தான். அதற்கே சான்றிதழ் வேண்டும், தொழிலியல் பாதுகாப்பு இலாகாக்காரர் வந்து பார்ப்பார், கதவுப் பூட்டில் தவறு நடந்தால் ஆள் உயிரோடு இருக்க மாட்டான். துப்பாக்கியின் அடியில் தொங்கும் அந்தச் சின்ன உருளையில் 200 பார். அதன் மேலேயே தயாரித்த தேதியோ முடியும் தேதியோ பொறித்திருக்கும். காலாவதி ஆகாததா என்று பார்ப்பது சுடுகிறவரின் பொறுப்பு என்று போட்டி விதியும் சொல்கிறது. யாரோ கழற்றி விற்ற பழைய உருளையை மலிவு என்று வாங்காதீர்கள். வேறு கம்பெனித் திருகுமரைக்குப் பொருத்த இடையில் அடாப்டர் போடுகிறேன் என்று யாராவது சொன்னால், அவரை அந்த அறையில் விட்டுவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள்.

எந்தப் பாகம் மாற்றினாலும் போட்டிக்கு முன் உபகரணச் சோதனை உண்டு. குழலமைப்பின் நீளம் 850 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஜாக்கெட்டின் துணித் தடிமனுக்குக்கூட 2.5 மில்லிமீட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். சோதனைக்குப் பிறகு பாகத்தை மாற்றினால் மறுபடி காட்ட வேண்டும். சுடாத நேரத்தில் குழலில் பாதுகாப்புக் கொடி செருகியிருக்க வேண்டும். கழகத்தில் சில பிள்ளைகள் அந்த ஆரஞ்சுக் கயிற்றை அவமானமாக நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் மொத்தத் துப்பாக்கியிலும் மிகவும் பிடித்த பாகம். விலையும் குறைவு.

இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்வெட்டுத் தொழிலாளர்களிடம் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். நான் கேட்பது தோட்டம் இல்லை, ஒரு பெட்டி. இடக்கை, வலக்கை என்று சிறிய அளவில் இரண்டு மூன்று கைப்பிடி, தோள்தட்டுக்கு இடையில் வைக்கும் துண்டுகள், குறிகாட்டியை உயர்த்தும் கட்டைகள், ஓரிரு வடிவ ட்ரிகர் நாக்கு, பெரிய குமிழ் லீவர், இறுக்கம் காட்டும் ஒரு டார்க் ரென்ச். பத்துப் பதினைந்து பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்து, தனக்கு எது பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு, வசதி உள்ளவர் மட்டும் சொந்தமாக வாங்கட்டும். தோட்டப்புறத்துப் பிள்ளை வாங்காமலே அந்தப் பெட்டியை வைத்துச் சுடட்டும். இப்போது என்ன நடக்கிறது என்றால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகத் தப்பான சாமானை வாங்கி அலமாரியில் போட்டு வைத்திருக்கிறது. இரண்டு பெற்றோர் பயந்துபோய் அவற்றைக் கழகத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள். செயலாளர் அதை எழுதி வாங்கிப் பூட்டி வைத்தார். அவருக்கும் அதில் சங்கடம்தான்.

கோயில் நிர்வாகங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் வருடாவருடம் கோப்பை வாங்குகின்றன, டி-சட்டை அடிக்கின்றன. ஒரு வருடம் டி-சட்டை வேண்டாம். பெட்டியின் சாவி கழகத்தின் ஆயுத அறையில், அவர்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும். கோயில் அலுவலகத்திலோ பள்ளி அலமாரியிலோ வைக்கக் கூடாது, அது என்னதான் நல்ல எண்ணமாக இருந்தாலும். மாநிலச் சங்கம் ஒவ்வொரு கழகத்திலும் எந்த வகைத் துப்பாக்கி எத்தனை இருக்கிறது என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் பாகங்களை மட்டும் ஒரே ஆர்டராகப் போட்டால் விலையும் இறங்கும். ஒரு வகைக்குச் செய்த நாக்கு இன்னொரு வகைக்குச் சேராது என்பதால் ஒவ்வொரு கழகமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் பாதி வீணாகும்.

உதவ நினைக்கும் வாசகர்களுக்கு ஒன்று. பாகங்களை வாங்கி அனுப்பாதீர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் சொல்லிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லவும் வேண்டாம். உங்கள் மாநிலக் கழகத்தின் செயலாளரைப் போய்ப் பாருங்கள், கழகத்தின் பெயரில் காசோலை எழுதுங்கள், ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலை ஃபிட்டர்,
சுங்கை சிப்புட், பேராக்.